சவரம் செய்த இடத்தில் சீழ்க் கொப்புளங்கள்: அவசர உதவி தேவை

கரிசல்காட்டான்:
வணக்கம். சவரம் செய்த இடத்தில் தோல் சிவந்து, சீழ் கோத்த கொப்புளங்கள் கிளம்பியிருக்கின்றன. களிம்பு பூசியதும் அடங்கின. நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பிவிட்டன. வெள்ளிக்கிழமை தங்கைக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் முகம் தெளிய வழி தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மருந்துக்கடைக்காரன்:
எந்தக் களிம்பு என்று சொல்லாமல் எவராலும் உதவ இயலாது. கொப்புளம் முகம் முழுவதுமா, ஓரிடத்திலா? வலிக்கிறதா, அரிக்கிறதா? சவரம் வீட்டிலா, சலூனிலா? காய்ச்சலோ சர்க்கரை நோயோ உண்டா?

பழைய பிளேடு:
இப்படி மொட்டையாகக் கேட்கும் பதிவுகளுக்குப் பதில் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. ஐந்து பிளேடு ரேசரால் வந்த வினை என்பது படித்த மாத்திரத்திலேயே தெரிகிறது. 1971-இல் ஜில்லெட் நிறுவனம் இரட்டைப் பிளேடு ரேசரை விற்கத் தொடங்கியதிலிருந்தே இந்தத் தொல்லைதான்: முதல் பிளேடு மயிரை இழுத்துப் பிடிக்க, அடுத்தது அதைத் தோலின் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடுகிறது, கூர்மையான அந்த நுனி, சுருட்டை மயிராக இருந்தால், வளரும்போது வெளியே வராமல் பக்கவாட்டில் தோலைக் குத்துகிறது. ஒற்றைப் பிளேடுக்கு மாறி, மயிர் படிந்திருக்கும் திசையிலேயே மழித்து, முடிவில் படிகாரம் தேய்த்தால் போதும். எங்கள் தலைமுறைக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

ஆற்றங்கரை:
குப்பைமேனி இலையுடன் மஞ்சளும் கல்லுப்பும் சேர்த்து அரைத்துப் பூசுங்கள். எங்கள் வீட்டில் சொறி, சிரங்கு எல்லாவற்றுக்கும் அதுதான்.

மருந்துக்கடைக்காரன்:
சீழ் வைத்து உடைந்த தோலில் இலைவிழுதையோ நீர் கலக்காத டெட்டாலையோ வைக்க வேண்டாம், எரிச்சல்தான் கூடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியால் ஒற்றடம் கொடுக்கலாம். படிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது தோலைச் சுருங்கச் செய்து சிறு வெட்டுக்காயத்தின் இரத்தத்தை நிறுத்துமே தவிர, மயிர்க்காலுக்குள் இறங்கிவிட்ட தொற்றைத் தீர்க்காது.

பழைய பிளேடு:
நாற்பது ஆண்டுகளாகப் படிகாரம் தேய்க்கும் என் முகத்தில் ஒரு பருகூட வந்ததில்லை. மாத்திரை விற்பவர்களுக்குப் படிகாரம் கசக்கத்தானே செய்யும்.

கொங்குவாசி:
ஐயா, உங்கள் வீட்டுப் படிகாரம் உங்கள் முகத்தை மட்டுமே தொடுகிறது. சலூனில் பிளேடை ஆளுக்கு ஆள் மாற்றினாலும், ஈரம் காயாத அதே படிகாரக் கட்டி அடுத்தவர் கன்னத்துக்கும் போகிறது; அதில் ஒட்டியிருக்கும் இரத்தத்தை யார் பார்க்கிறார்கள்? ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது.

பழைய பிளேடு:
நான் சலூனைப் பற்றிப் பேசவே இல்லை. படித்துவிட்டு மறுப்பு எழுதுவது நல்லது.

கரிசல்காட்டான்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். வீட்டில்தான், ஒற்றைப் பிளேடால்தான் மழிக்கிறேன். வலது தாடையில் மட்டும் இருக்கிறது. வலியைவிட அரிப்பு அதிகம். காய்ச்சலும் சர்க்கரையும் இல்லை. களிம்புக் குழாயில் குளோபெட்டசால், மைக்கோனசோல், நியோமைசின் என்று மூன்று பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. கடையில் கேட்டதும் கொடுத்தார்கள்.

மருந்துக்கடைக்காரன்:
முதல் பதிவிலேயே இதை எழுதியிருந்தால் படிகாரச் சண்டை மிச்சமாகியிருக்கும். குளோபெட்டசால் மிகவும் வீரியமான ஸ்டீராய்டு. அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடுவதால் குணமானது போலத் தோன்றும். அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து அமுங்குவதால், பூஞ்சை இருந்தால் அது பாட்டுக்குப் பரவும். கூடவே மைக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்து இருக்கிறதே என்பீர்கள். ஆனால் மேலே பூசுவது மயிரின் வேர்வரை போய்ச் சேர்வதில்லை. இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் அரசாணையே வந்திருந்தும், எங்கள் தொழிலில் பலர் தலைவலி மாத்திரையைப் போல எடுத்து நீட்டுகிறார்கள்.

ரேசர் உரசலால் வருவது பெரும்பாலும் கழுத்திலும் தாடையிலும் இருபுறமும் இருக்கும். ஒரே பக்கம், அரிப்பு, களிம்பை விட்டதும் சீறிக்கொண்டு திரும்புவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் தாடியில் படரும் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கொப்புளத்தின் நடுவில் நிற்கும் மயிரை மெதுவாக இழுத்தால் வலியில்லாமல் கையோடு வருகிறதா என்று பாருங்கள்; வந்தால் சந்தேகம் வலுக்கும். நான் சொல்வது ஊகமே. தோல் மருத்துவர் செதிலையும் மயிரையும் எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். பாக்டீரியா என்றால் மருந்தே வேறு. அதுவரை மழிக்க வேண்டாம், கொப்புளத்தைப் பிதுக்கவும் வேண்டாம். காய்ச்சலோ கண்ணைச் சுற்றி வீக்கமோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கொங்குவாசி:
உங்கள் வீட்டில் மாடு கன்று உண்டா? கன்றின் கண்ணைச் சுற்றியும் காதோரத்திலும் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அதுவும் படர்தாமரைதான். பால் கறக்கும்போது தாடை மாட்டின் விலாவில் படுமல்லவா?

பழைய பிளேடு:
ரேசரில் தொடங்கிய இழை மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டது. ஒற்றைப் பிளேடாகவே இருந்தாலும் மயிருக்கு எதிர்த்திசையில் மழித்திருப்பார். அதை ஏன் எவரும் கேட்கவில்லை?

கரிசல்காட்டான்:
மருத்துவரைப் பார்த்தேன். சுரண்டி எடுத்துப் பார்த்ததில் பூஞ்சைதான். பல வாரங்களுக்கு மாத்திரை. பழைய களிம்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிச்சயதார்த்தத்துக்குத் தாடியோடுதான். அனைவருக்கும் நன்றி.

கொங்குவாசி:
கன்றைப் பற்றிக் கடைசிவரை சொல்லவில்லையே. இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதைத் தொடும் சிறுவர்களுக்கும் ஒட்டும், உங்களுக்கும் மறுபடி வரும். அந்தத் தாடையில் ஓடிய பிளேடைத் தூக்கிப் போட்டுவிட்டு, தலையணை உறையையும் துண்டையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.