மடலிழை: பழஞ்சீன மருந்துச் சரக்குகள் – 'இனங்காணல்' வேறு, 'பெயர்த்தடம்' வேறு

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

மருந்தியல் சொற்பட்டியலில் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருக்கும் பதிவு பற்றி எழுதுகிறேன். சீன மருத்துவத்தில் 'பென்சாவ் காவ்ஜெங்' என்றொரு துறை இருக்கிறது. பழைய மருந்து நூலில் ஒரு பெயர் வருகிறது. அந்தப் பெயரைச் சொல்லி அந்தக் காலத்தில் எந்தச் செடியைப் பறித்தார்கள், பிற்பாடு அதே பெயர் எந்தெந்தச் செடிக்குக் கைமாறியது, இன்று சந்தையில் அந்தப் பெயரில் விற்பது எது என்று நூல், படம், விளைந்த ஊர், வணிகம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சான்றோடு நிறுவுவதுதான் அந்தத் துறையின் வேலை. இதற்கு இழையில் இதுவரை வந்த முன்மொழிவுகள்:

> மூலிகை மூல ஆய்வு
> மூலிகைத் தோற்றவியல்
> மூலிகை அடையாள ஆய்வு

முதலாவதைப் பேராசிரியர் ஐயா முன்வைத்தார். சொல் சுருக்கமானது, ஓசையும் நன்று. ஆனால் மருத்துவ நூலில் 'மூலம்' என்றால் வேர், கிழங்கு, மூலநோய், மூலநூல் என்று நான்கு பக்கம் இழுக்கும். 'மூல ஆய்வு' என்று தலைப்பிட்டால் குடல் மருத்துவக் கட்டுரை என்று நினைத்துத் திறப்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். இரண்டாவதில் சிக்கல் இன்னும் ஆழம். தோற்றம் என்பது பிறப்பையும் குறிக்கும், கண்ணுக்குத் தெரியும் உருவத்தையும் குறிக்கும். உருவத்தை நம்பி ஏமாந்த கதைகளைப் பிரித்தெடுக்கும் துறைக்குத் 'தோற்றவியல்' என்று பெயர் வைத்தால், படிப்பவர் நேர் எதிராகத்தான் புரிந்துகொள்வார்.

மூன்றாவதை எழுதிய மருத்துவர் அம்மா ஒரு நியாயமான காரணம் சொல்லியிருந்தார்:

> கையில் இருக்கும் வேர்த்துண்டு எந்தச் செடியினுடையது என்று தெரிந்தால் போதும். நோயாளிக்கு அதுதான் முக்கியம். பழைய நூல் எதைச் சொன்னது என்பது வரலாற்றுக்காரர் கவலை.

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் தனித்தனி வேலைகள், இரண்டுமே நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டவை. ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்தால் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இரண்டு நிகழ்வுகளை வைத்துச் சொல்கிறேன்.

பெல்ஜியத்தில் உடல் இளைக்க மருந்து கொடுத்துவந்த ஒரு மருத்துவ நிலையத்தில் 1990ல் மருந்துக் கலவையை மாற்றிச் சில சீன மூலிகைகளைச் சேர்த்தார்கள். அதில் ஒன்று ஃபாங்ஜி. ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா என்ற கொடியின் கிழங்குதான் போயிருக்க வேண்டும். சீனத்தில் அதற்கு ஃபென் ஃபாங்ஜி என்று பெயர். போனது குவாங் ஃபாங்ஜி, அதாவது அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சி. நம் ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி இரண்டும் சேர்ந்திருக்கும் அதே பேரினம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நார்நாராக்கிச் சுருக்கிவிடும். இளம்பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து வந்தார்கள். 1993ல் லான்செட் மருத்துவ இதழில் முதல் அறிக்கை வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். டயாலிசிஸோடு அது நிற்கவில்லை. செயலிழந்த சிறுநீரகங்களை அகற்றிக்கொண்ட 39 பேரைச் சோதித்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய் இருந்ததாக 2000ல் ஓர் ஆய்வு காட்டியது.

இரண்டு கிழங்கையும் வில்லைபோட்டுக் காயவைத்தால் பார்வைக்கு அவ்வளவு நெருக்கம். இரண்டுமே வெளுத்த நிறம், இரண்டிலும் மாவு கையில் ஒட்டும். ஸ்டெபானியாவின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கோடுகள் இடைவெளி விட்டு, எண்ணிவிடலாம்போல் ஓடும். குவாங் ஃபாங்ஜியில் வெளுப்பும் பழுப்புமாக மாறி மாறி நெருக்கமாக ஓடும். பழகிய கண் பிரித்துவிடும். பொடியாக்கிக் கேப்சூல் கூட்டுக்குள் அடைத்தபின் எந்தக் கண்ணாலும் முடியாது, ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். இதில் பெயரும் சேர்ந்து குழப்பும். சந்தையில் 'ஹான் ஃபாங்ஜி' என்றால் ஸ்டெபானியா. ஹான்கோ சந்தை வழியாக வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். 'ஹான்ஜோங் ஃபாங்ஜி' என்றால் அது வேறோர் அரிஸ்டோலோக்கியா. ஓரசை கூடினால் மருந்து நஞ்சாகிவிடுகிறது.

சரி, இந்த நிகழ்வு மருத்துவர் அம்மா சொல்லும் வகை. கையில் இருந்தது என்ன என்று பார்த்திருந்தால் தடுத்திருக்கலாம். இதற்குச் சொல் புதிதாக வேண்டியதில்லை, தாவரவியலில் 'இனங்காணல்' ஏற்கெனவே இருக்கிறது. 'சரக்கு இனங்காணல்' என்று எழுதிவிடலாம்.

இரண்டாவது நிகழ்வு முதோங். சிறுநீர் பிரியவும் உடற்சூடு தணியவும் கொடுக்கும் தண்டுச் சரக்கு. 20ஆம் நூற்றாண்டுச் சீனச் சந்தையில் முதோங் என்றால் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வந்த குவான் முதோங், அதாவது அரிஸ்டோலோக்கியா மஞ்சூரியென்சிஸ். ஈரல் சூட்டுக்குப் பரவலாக விற்ற லோங்தான் ஷியேகான் மாத்திரையிலும் அதுதான் போனது. இங்கே யாரும் சரக்கை மாற்றிப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அரசு மருந்துநூலிலேயே அது இருந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் 'ஆம், இது குவான் முதோங்தான்' என்று சரியான விடை வரும். இனங்காணலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நோயாளிகளின் சிறுநீரகம் கெட்டது.

எந்த நூலைக் கேட்டால் விடை கிடைக்கும்? ஷென்னோங் பெயரால் வழங்கும் மிகப் பழைய மருந்துநூலில் இந்தச் சரக்கின் பெயர் முதோங் அல்ல, தோங்சாவ். அங்கே வரும் விவரிப்பு அக்கேபியா கொடிக்குப் பொருந்துகிறது. முதோங் என்ற பெயர் தாங் அரசமரபின் காலத்தில் (7–10ஆம் நூற்றாண்டு) வருகிறது. அப்புறம் தோங்சாவ் என்ற பெயர் மெல்ல நகர்ந்து, வெண்ணெட்டி உள்ள டெட்ராபானக்ஸ் செடிக்குப் போய்விட்டது. இன்று தோங்சாவ் கேட்டால் அந்த நெட்டிதான் கிடைக்கும். முதோங் பெயர் அக்கேபியாவிலிருந்து சில ஊர்களில் கிளெமாட்டிஸ் கொடிக்குப் போய், கடைசியாக அரிஸ்டோலோக்கியாவுக்கு வந்து சேர்ந்தது. பழைய மருத்துவர்கள் எழுதிய முறை அக்கேபியாவுக்கு. பிற்காலத்தவர் அதே முறையை அதே அளவில் அரிஸ்டோலோக்கியாவை வைத்துச் செய்தார்கள். 2003ல் சீன அரசு குவான் முதோங்கின் மருந்துத் தகுதியை நீக்கியது. அடுத்த ஆண்டு குவாங் ஃபாங்ஜியும் போனது. 2005 மருந்துநூலில் முதோங் என்ற பெயர் மறுபடி அக்கேபியாவுக்கே வந்தது. நூல்களையும் படங்களையும் தோண்டிப் பார்த்தவர்கள் இல்லையென்றால் 'எதைத் திருப்பி வைப்பது' என்ற கேள்விக்குப் பதிலே இருந்திருக்காது. மருத்துவர் அம்மா, இதை வரலாற்றுக்காரர் கவலை என்று எப்படி விடுவது?

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு சிங்ஹாவ் என்ற மூலிகை நல்ல எடுத்துக்காட்டு. 4ஆம் நூற்றாண்டில் சீன மருத்துவர் கே ஹோங் எழுதிய குறிப்பு, காய்ச்சலுக்கு ஒரு பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்கிறது. காய்ச்சச் சொல்லவில்லை. சீன ஆய்வாளர் தூ யூயூ அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு சூடு குறைந்த முறையில் சாறெடுத்ததும், 1972ல் மலேரியாவுக்கான அர்ட்டெமிசினின் கிடைத்ததும், 2015ல் நோபல் பரிசு வந்ததும் எல்லோரும் அறிந்தது. ஆனால் எந்தச் செடி என்ற சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. இன்றைய தாவரவியலில் சிங்ஹாவ் என்ற பெயரைப் பெற்ற செடியில் அர்ட்டெமிசினின் கிடையாது. அது இருப்பது ஹுவாங்ஹுவா ஹாவ் எனப்படும் அர்ட்டெமிசியா அன்னுவாவில். 11ஆம் நூற்றாண்டிலேயே சீன அறிஞர் ஷென் குவோ, சிங்ஹாவில் இரண்டு வகை இருக்கிறது, மற்றவை மஞ்சளாகும் பின்கூதிரிலும் ஒன்று மட்டும் பச்சையாக நிற்கும் என்று எழுதியிருக்கிறார். மருத்துவர் லி ஷிஜென் 1578ல் முடித்த மருந்துப் பெருநூலில் இரண்டையும் தனித்தனிப் பதிவாக்கினார். பெயர் ஒரு செடியோடு போயிற்று, மருந்துக் குணம் மற்றதில் தங்கியது. இன்றைய சீன மருந்துநூல் சிங்ஹாவ் என்ற தலைப்பின்கீழ் அன்னுவாவை வைத்து அந்தச் சிக்கலை முடித்திருக்கிறது.

படங்களும் சாட்சிதான். சீனத்தின் சோங் அரசமரபு மாவட்டந்தோறும் செடிகளை வரைந்து அனுப்பச் சொல்லி, சு சோங் அதை 1061ல் தொகுத்தார். 900க்கு மேற்பட்ட படங்கள், பலவற்றில் ஊர்ப்பெயரோடு. ஷான்ஷி பகுதியின் ஷாங்தாங் ஊர் ஜின்செங் உண்மையில் ஜின்செங்கா, பின்னால் அதே ஊரில் விளைந்த கொடியான தாங்ஷென்னா என்று கேள்வி வந்தபோது, அந்தத் தொகுப்பின் லுஜோ (ஷாங்தாங் பகுதியின் மாவட்டப் பெயர்) படத்தில் ஐந்திலைக் கொத்து இருப்பதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாங்ஷென்னுக்கு அப்படிக் கொத்திலை கிடையாது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாவற்றிலும் தேடுபவர் பின்தொடர்வது செடியை அல்ல, பெயரை. பெயர் நூற்றாண்டுகளின் ஊடே எந்த வழியாக நடந்து எந்தச் செடியில் வந்து நின்றது என்பதை. ஆகவே என் முன்மொழிவு பெயர்த்தடம். துறை 'பெயர்த்தட ஆய்வு', செய்பவர் 'பெயர்த்தட ஆய்வர்', வினையாக 'பெயர்த்தடம் காணல்'. சரக்குத்தடம் என்று வைக்கலாமே என்று கேட்கலாம். பண்ணையிலிருந்து கடைவரை பொதியைக் குறியீடு ஒட்டித் தொடரும் முறைக்கு அந்தச் சொல் நாளைக்கு வேண்டியிருக்கும். அதை இங்கே செலவழிக்க வேண்டாம்.

சீன நூல்களில் 'ஒரே பெயர், வேறு பொருள்', 'ஒரே பொருள், வேறு பெயர்' என்று இரண்டு வழக்குத்தொடர்கள் அடிக்கடி வரும். இவற்றுக்குக் கலைச்சொல் தேடி அலைய வேண்டாம். தொல்காப்பியத்தின் 'பலபொருள் ஒருசொல்' அப்படியே பொருந்துகிறது. மற்றதற்கு 'ஒருபொருள் பலசொல்'. முதோங் பலபொருள் ஒருசொல். எழுதிப் பாருங்கள், உறுத்தவே இல்லை.

துணைச்சொற்கள்: நூலும் மரபும் ஏற்கும் சரக்கு 'மெய்ச்சரக்கு'. ஏமாற்ற விற்பது 'போலிச்சரக்கு'. அறிந்தே பதிலுக்குச் சேர்ப்பது 'மாற்றுச்சரக்கு'. ஏமாற்றும் எண்ணம் இல்லாமல், உருவமோ பெயரோ ஒத்திருப்பதால் தவறிக் கலப்பது 'மயங்குசரக்கு'. பெல்ஜியத்துக்குப் போனதை இந்தக் கடைசி வகையில்தான் சேர்ப்பேன். 'சரக்கு' என்றால் இளைஞர்கள் மதுவை நினைப்பார்கள் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான், ஆனாலும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. நாட்டுமருந்துக் கடையில் இன்றும் அதுதான் சொல். சித்த நூல்களில் கடைச்சரக்கு, சரக்குச் சுத்தி என்று வேரூன்றிய வழக்கு. 'மூலிகை' என்று வைத்தால் தாதுவும் விலங்குப்பொருளும் வெளியே போய்விடும், சீன மருந்துநூல்களோ அவற்றையும் சேர்த்தே பேசுகின்றன.

சொல் நம் பொருள்களில் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பறங்கிப்பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கோவாவில் 1563ல் அச்சான போர்ச்சுக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவின் நூலில் அது 'சீன வேர்'. சீனத்திலோ ஸ்மைலாக்ஸ் பேரினத்தில் பாச்சியா, தூஃபுலிங் என்று இரண்டு தனிச்சரக்குகள் உண்டு. மேகப்புண்ணுக்கு லி ஷிஜென் சொல்வது தூஃபுலிங்கை. அன்று கப்பலில் வந்த வேர் எது, நம் சூரணங்களில் போவது எது என்பது பெயர்த்தட வேலை. சித்தரத்தையும் அப்படித்தான். நூல்கள் காட்டும் அல்பினியா அஃபிசினாரம் தென்சீனத்துச் செடி, நம் பக்கத்துத் தோட்டங்களில் அந்தப் பெயரில் நிற்பது பெரும்பாலும் அல்பினியா கல்கரேட்டா. இரண்டில் எது மெய்ச்சரக்கு என்று வேர்த்துண்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

பட்டியலுக்கான வரைவு:

*பெயர்த்தடம் (பெ.):* மருந்துநூல்களில் வரும் சரக்குப்பெயர் காலந்தோறும் குறித்த பொருள்களை நூல், படம், விளைநிலம், வணிகச் சான்றுகளால் நிறுவுதல்.

*சரக்கு இனங்காணல் (பெ.):* கையில் உள்ள சரக்கு எந்த உயிரினத்தின் எந்த உறுப்பு என்பதை உருவம், நுண்ணமைப்பு, வேதிப்பொருள், மரபணு ஆகியவற்றால் உறுதிசெய்தல்.

இன்னும் ஒன்று பாக்கி. கான்சு மாநிலத்தின் மின் மாவட்டத்து தாங்குய் வேர், ஹெனான் மாநிலத்தின் ஹுவாய் பகுதித் திஹுவாங் கிழங்கு போல, குறிப்பிட்ட மண்ணில் விளைந்தால்தான் தரம் என்று சீன மருத்துவர்கள் கொள்ளும் 'தாவோதி' சரக்குக்குச் சொல் வேண்டும். 'புவிசார் குறியீடு' சட்டத்துக்கான சொல், அதை இதில் கலக்கக் கூடாது. 'விளைநிலச் சரக்கு' என்று எழுதிப் பார்த்தேன், எல்லாச் செடியும் ஏதோ நிலத்தில் விளைவதுதானே என்று தோன்றி விட்டுவிட்டேன். 'பேர்நிலச் சரக்கு' பரவாயில்லை. சித்த மருத்துவத்தில் மலை, ஊர் பெயர் சொல்லிச் சரக்கு கேட்கும் வழக்கு ஏதாவது இருந்தால் மருத்துவர் அம்மா எழுத வேண்டும். அங்கிருந்தே சொல் எடுக்கலாம்.

அன்புடன்.