ரெண்டாவது நாயனம் என்றால் கடைசிவரை ரெண்டாவதுதானா?

காவிரிக்கரை:
மாயவரம் பக்கம் ஒரு நாதஸ்வர செட்டில் இரண்டாவது நாயனம் வாசிக்கிறேன். முதல் நாயனம் வாசிப்பவர் தூரத்து உறவில் எனக்கு மாமா. தொழில் கற்றதும் அவரிடம்தான்.

போன மாதம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மாமா கரகரப்பிரியா ராகத்தை ஆரம்பித்து, கொஞ்சம் வாசித்துவிட்டு என்னிடம் விட்டார். அன்றைக்கு வாயில் வைத்து ஊதும் சீவாளி அருமையாகப் பேசியது. மேல் ஷட்ஜத்தில் நின்று விரித்துக்கொண்டே போனேன். பெரியவர்கள் சிலர் காரையே நிறுத்திக் கேட்டார்கள். முடித்துவிட்டுத் திரும்பினால் மாமா நாயனத்தை உறையில் போட்டிருந்தார். "தலைக்கனம் வந்தா சுருதி போயிடும்" என்றார், அவ்வளவுதான். மறுநாள் முகூர்த்தத்தில் ஒரு முறைகூட என்னிடம் ராகத்தை விடவில்லை.

என்னைக் கேட்டால் அது தலைக்கனம் இல்லை. எனக்கென்று ஒரு பாணி இருக்கக் கூடாதா? கலைஞனுக்குக் கொஞ்சம் கர்வம் இல்லாவிட்டால் எப்படி? அதை எங்கே நிறுத்துவது? தனி செட் போட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது.

வலந்தலை:
தம்பி, நான் தவில்காரன். கர்வம் வேண்டுமா என்றால், வேண்டும். நம் ஆட்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் முன்னால் நின்றபடி வாசித்த காலம் உண்டு. நாயனச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப்பு வெட்டிக்கொண்டார், கோட்டு போட்டுக்கொண்டார், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். திமிர் பிடித்தவர் என்று பேசினார்கள். இன்றைக்கு நீயும் நானும் மேடையில் ஜமக்காளத்தில் உட்காருகிறோமே, அந்தத் திமிர் வாங்கிக்கொடுத்த இடம் அது.

வாத்தியத்தையே எடுத்துக்கொள். முன்பு திமிரி என்ற குட்டை நாயனம், சுருதி ஏற்றம். அவர் காது தணிந்த சுருதியைக் கேட்டது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். ஒருத்தருடைய பிடிவாதம், இப்போது உன் கையில் இருப்பதும் அதுதான். ஆனால் ஆச்சா மரத்தைக் கடைந்து, துளையைத் தள்ளித் தள்ளிப் பார்க்க அந்த ஆசாரி இல்லையென்றால் பிடிவாதம் பிடிவாதமாகவே நின்றிருக்கும்.

சொன்ன நேரத்துக்கு வரமாட்டார் என்ற பேச்சும் பிள்ளையைப் பற்றி உண்டு. அதை மட்டும் காப்பியடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் பேர்பெற்ற தோடி ராகம் வரவில்லை, தாமதம் மட்டும் வந்தது.

சரி, ஊர்வலத்தில் நீ விரித்தாய். தவில்காரர் என்ன ஆனார் என்று நீ எழுதவே இல்லையே? தோளில் தவிலை மாட்டிக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறவனுக்கு உன் மேல் ஷட்ஜம் வேறு கணக்கு.

ஒத்து:
ஐயா சொல்வதில் பாதிதான் எனக்கு ஒப்புதல். 'செட்டுக்காக அடங்கு' என்று முதல் நாயனக்காரரிடம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் அப்பாவிடம் நாயனம் கற்ற பெண். செட்டில் சேரப் போனபோது என் வாசிப்பைக் கேட்கவில்லை. ராத்திரிப் புறப்பாட்டுக்கு வீட்டில் விடுவார்களா என்று கேட்டார்கள். பெண்ணாக நாயனம் வாசித்துப் பேர் வாங்கிய மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் அடங்கிப் போயிருந்தால் எனக்கு அந்த வாசலில் ஏறும் தைரியமே வந்திருக்காது.

அண்ணே, பெரிய நாயன வித்வான் காருகுறிச்சி அருணாசலமும் தன் குரு ராஜரத்தினம் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்தான். அதனால் அவருடைய பாணி தேய்ந்துவிடவில்லை. உங்கள் மாமா உறையில் போட்டது நாயனத்தை மட்டும் இல்லை, குரு என்ற பொறுப்பையும்தான். எனக்குக் கோபம் வருகிறது.

மண்டபம்:
நான் கல்யாண வேலை எடுத்துச் செய்கிறவன். ஐயர் கையைத் தூக்கினால் கெட்டிமேளம் வர வேண்டும். யாராவது தும்மினால் காதில் விழக் கூடாது, அதற்குத்தான் அது. அங்கே பாணியாவது ஒன்றாவது! ரிசப்ஷனில் நேரம் தருகிறேன், எந்த ராகத்தையும் விரியுங்கள். ஆனால் பாதிப் பேர் சினிமாப் பாட்டுச் சீட்டோடுதான் வருவார்கள், அப்போது முகத்தைச் சுளிக்காதீர்கள்.

காவிரிக்கரை:
தவில் அண்ணனிடம் கேட்டேன். "தோள் விட்டுப்போச்சுடா, ஆனா நல்லா இருந்துச்சு" என்றார். ஊர்வலத்தில் இனி அவர் கண்ணைப் பார்த்து வாசிக்கிறேன், அதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை.

தனி செட் இப்போதைக்கு வேண்டாம். தை முகூர்த்தம் முடிந்ததும் மாமாவிடம் நேரில் கேட்கப் போகிறேன்: ரிசப்ஷனில் ஒரு ராகம் முழுசாக எனக்கு, போர்டில் இரண்டு பேர் பெயரும். மாட்டேன் என்றால் அப்புறம் நமஸ்காரம் பண்ணிவிட்டுப் பிரிகிறேன். கரகரப்பிரியாவைக் குறைத்து வாசிக்க என்னால் முடியாது.

வலந்தலை:
போர்டில் தவில்காரர் பெயரையும் போடச் சொல், தம்பி.