குளிரில் கீச்சிடும் ஹீட்டர் ப்ளோயர்: எண்ணெய் போதுமா, மோட்டாரையே மாற்றணுமா?

பழையசெடான்:

வண்டி 1998 மாடல். ஏசிக்கும் ஹீட்டருக்கும் காற்றைத் தள்ள ஒரே ப்ளோயர். குளிரில் காலையில் ஹீட்டரைப் போட்டால் முதல் ஸ்பீடிலேயே கீச்ச்ச் என்று ஆரம்பித்துவிடுகிறது. ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடத்துக்கு மேலிருந்து வருகிறது. உள்ளே சூடேறியதும் தானாக அடங்கிவிடும். ஸ்பீடைக் கூட்டினால் கீச்சு போய் ஒரு உறுமல் மட்டும் மிஞ்சும். இதில் வேடிக்கை என்னவென்றால், அடங்கின சத்தம் வளைவில் திரும்பும்போது மறுபடி எட்டிப் பார்க்கும், அதுவும் ஒரு பக்கம் திரும்பினால் மட்டும். டேஷ்போர்டில் ஒரு குத்து விட்டால் நின்றுவிடும். வீட்டில் இப்போது எனக்கு முன்னால் அவர்களே குத்திவிடுகிறார்கள்.

ஒர்க் ஷாப்பில் மோட்டாரை மாற்றணும், அதற்கு டேஷ்போர்டு முழுசையும் இறக்கணும் என்கிறார்கள். நண்பர் ஒருவரோ ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் என்கிறார். கையில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. எதை நம்புவது?

நாலாம்கியர்:

எதையும் கழற்றும் முன் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் பண்ணி ப்ளோயரைப் போட்டுக் கேளுங்கள். அப்போதும் கத்தினால் இன்ஜின் சுற்றும் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் மேலுள்ள சந்தேகம் தீர்ந்தது. அப்புறம் வெளிக்காற்று, உள்காற்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். வெளிக்காற்றில் மட்டும் சரசரத்தால் சருகாகத்தான் இருக்கும். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் கேபின் ஃபில்டரே கிடையாது. வைப்பருக்கு அடியில் இருக்கும் சல்லடையில் விழுவதெல்லாம் கடைசியில் ஃபேன் கூண்டுக்குள்தான் (சுற்றிலும் பற்கள் வைத்த உருளை ஃபேன்) வந்து சேரும். என் வண்டியில் எலி சேர்த்து வைத்த பஞ்சு கிடைத்தது. அந்த நாற்றத்தைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

கிரீஸ்கை:

சருகு மாட்டினால் சைக்கிள் சக்கரத்தில் அட்டையைச் சொருகின மாதிரி டரடர என்று கேட்கும், ஸ்பீடு கூடக் கூட அதுவும் வேகமாகும். இவர் சொல்வது அது இல்லை. குளிரில் கீச்சு, சூடானதும் அமைதி, வளைவில் மறுபடி, குத்தினால் நிற்கும் என்றால் நான் மோட்டார் ஷாஃப்ட்டைத் தாங்கிச் சுற்றவிடும் புஷ்ஷைத்தான் பிடிப்பேன்.

பழைய ப்ளோயர் மோட்டார்கள் பெரும்பாலானவற்றில் பால் பேரிங் கிடையாது. ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த புஷ்தான் இருக்கும். அதன் உடம்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நுண்துளை, அத்தனையிலும் எண்ணெய் ஊறியிருக்கும். ஷாஃப்ட் சுற்றிச் சூடேறும்போது எண்ணெய் மேலே கசியும், ஆறினதும் புஷ் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். இவ்வளவு வருஷத்தில் பாதி காய்ந்து, மீதியைத் தூசி குடித்திருக்கும். அதனால்தான் காலையில் வறட்சியாகக் கத்திவிட்டு, சூடேறியதும் இருக்கிற கொஞ்ச எண்ணெய் வெளியே வந்து அமைதியாகிறது. வளைவுக்கும் காரணம் இருக்கிறது. உங்கள் வண்டியில் மோட்டார் அநேகமாகச் செங்குத்தாகத் தொங்கும். புஷ் தேய்ந்து இடைவெளி விழுந்துவிட்டால், வண்டி திரும்பும்போது ஷாஃப்ட் ஃபேனோடு சேர்ந்து ஒரு பக்கமாக ஒதுங்கும். குத்து விட்டால் இடம் மாறி உட்காரும், அவ்வளவுதான்.

டேஷ்போர்டை இறக்கணும் என்பதை அப்படியே ஏற்காதீர்கள். சில மாடல்களில் உண்மையிலேயே இறக்கத்தான் வேண்டும், சிலவற்றில் பானட்டைத் திறந்து அந்தப் பக்கமாக எடுக்கணும். ஆனால் நிறைய வண்டிகளில் க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் மோட்டாரின் அடிப்பாகம் கண்ணெதிரே தொங்கும். உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். அந்தப் பக்கம் ஏர்பேக் இருந்தால் மஞ்சள் நிறக் கனெக்டர் எதையும் தொடவே வேண்டாம். அப்புறம் மோட்டாரின் கனெக்டர், மோட்டாரைக் குளிர்விக்க வரும் சின்ன ரப்பர் குழாய், சுற்றி மூணு நாலு ஸ்க்ரூ. கடைசி ஸ்க்ரூவைக் கழற்றும்போது மறுகையால் மோட்டாரைத் தாங்கிக்கொள்ளுங்கள். ஃபேன் கூண்டு பிளாஸ்டிக், கீழே விழுந்தால் ஒரு பல் உடையும். உடைந்த கூண்டோடு புது மோட்டார் போட்டாலும் அதிரும்.

வெளியே எடுத்ததும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஷாஃப்ட்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஒரு நூல் நகரும், அது பரவாயில்லை. பக்கவாட்டில் லொடக் என்று ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது, எண்ணெய் விட்டாலும் சில வாரம்தான் தாங்கும். ஆட்டம் இல்லாமல் வறட்சி மட்டும் என்றால் உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி, ரெண்டு சொட்டு போதும். டிடர்ஜென்ட் கலக்காத மோட்டார் எண்ணெய், 20 அல்லது 30 கிரேடு. தையல் மிஷின் எண்ணெயும் வேலை செய்யும், மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் ஓடிவிடும். துரு தளர்த்தும் ஸ்ப்ரேயை மட்டும் அடிக்காதீர்கள். இருக்கிற பழைய எண்ணெயையும் கழுவிவிட்டுக் காய்ந்துபோகும். அடுத்த வாரம் இன்னும் உரக்கக் கத்தும். நிறைய விட்டாலும் தொல்லைதான், எண்ணெய் கார்பன் பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் இறங்கி கார்பன் தூளோடு சேர்ந்து பசையாகிவிடும். பின்பக்கத்து புஷ்ஷை எட்ட மூடியில் துளை போடச் சொல்லும் வீடியோக்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது காந்தம். டிரில் போட்டால் விழும் இரும்புத் தூள் முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

மின்வாசி:

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புஷ் இறுகிய மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். முழு ஸ்பீடில் நல்ல மோட்டாரே 15, 20 ஆம்பியர் வாக்கில் எடுக்கும் என்பதால் பழைய கனெக்டர் அதற்கு மேல் தாங்காது. கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அதையும் மாற்றணும், வெறும் மோட்டாரை மாற்றி லாபம் இல்லை. கீழ் ஸ்பீடுகள் செத்து கடைசி ஸ்பீடு மட்டும் வேலை செய்தால், கரண்டைக் குறைத்துக் கீழ் ஸ்பீடுகளைத் தரும் ரெசிஸ்டர் போய்விட்டது என்று அர்த்தம். காற்றுப் பாதையிலேயேதான் அதை வைத்திருப்பார்கள், ப்ளோயர் காற்று பட்டால்தான் அது குளிரும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பழையசெடான்:

எல்லோருக்கும் நன்றி. சாவியை மட்டும் போட்டபோதும் கத்தியது. க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் போதுமாக இருந்தது, டேஷ்போர்டுக்கு வேலையே இல்லை. கூண்டில் காய்ந்த இலைத் தண்டு ஒன்று, ஆனால் ஆசாமி அது இல்லை. ஷாஃப்ட் பக்கவாட்டில் லொடக்கென்று ஆடியது. கூண்டு பக்கத்து புஷ்ஷைச் சுற்றிக் கறுப்புத் தூள் மோதிரம் மாதிரி படிந்திருந்தது. எண்ணெய் விட்டதில் கொஞ்ச நாள் நிம்மதி, குளிர் கூடினதும் பழையபடி. அதனால் வேறு கம்பெனி மோட்டார் ஒன்று வாங்கி, பழைய கூண்டையே அதே உயரத்தில் மாட்டிவிட்டேன். சத்தம் சுத்தமாக இல்லை. ஆனால் காற்று பாதிகூட வரவில்லை! கடைசி ஸ்பீடில் பழைய ரெண்டாம் ஸ்பீடு அளவுதான் வருகிறது. மோட்டாரே டம்மியா?

கிரீஸ்கை:

மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது என்று நினைக்கிறேன். சாதாரண விசிறி திசை மாறினால் காற்றும் திசை மாறும். இந்தக் கூண்டு ஃபேன் அப்படி இல்லை. எந்தப் பக்கம் சுற்றினாலும் அதே வாய் வழியாகத்தான் காற்று தள்ளும், தப்பான திசையில் பலம் மட்டும் குறையும். அதனால் பலருக்குச் சந்தேகமே வராது. பல்லின் குழிந்த பக்கம் முன்னால் போய்க் காற்றை அள்ள வேண்டும். கழற்றிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். கனெக்டரில் இரண்டு முனையும் தனித்தனியாக வந்தால் இடம் மாற்றிக் குத்திக்கொள்ளலாம். உடம்பிலேயே எர்த் எடுக்கும் மோட்டார் என்றால் மாற்றக் கூடாது. மேலே அம்புக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மோட்டார்களை ஒரே திசைக்கென்று செய்திருப்பார்கள், அப்படி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சரியான திசை மோட்டாரைக் கேளுங்கள்.

பழையசெடான்:

அம்புக்குறி இல்லை. வயர் இரண்டும் தனித்தனியாகத்தான் வந்தது, பழையதில் இருந்த வரிசைக்கு நேர்மாறாகக் கனெக்டரில் குத்தி அனுப்பியிருக்கிறார்கள். மாற்றிக் குத்தினேன், காற்று முகத்தில் அறைகிறது. இப்போது மூன்றாம் ஸ்பீடே போதும். அந்த வைப்பர் சல்லடைக்கு மேல் ஒரு கம்பி வலை போடலாமா?

நாலாம்கியர்:

போடலாம், ரொம்ப நெருக்கமான வலையாக வேண்டாம். கொசு வலை மாதிரி போட்டால் சீக்கிரம் அடைத்துக்கொண்டு காற்றே வராது. வலை போட்டாலும் அதன் மேல் சேரும் குப்பையை அப்பப்போ அள்ளிவிடணும். அங்கேயே ஓரத்தில் மழைத் தண்ணீர் இறங்கும் துளை இருக்கும், அதையும் ஒரு கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். அது அடைத்தால் தண்ணீர் நேராகப் புது மோட்டார் மேல்தான் இறங்கும்.