டெபியன் 12: அடிக்கடி பழுதாகும் ஒய்டி-டிஎல்பியை மட்டும் புதுப்பிப்பது எப்படி?

வினா (ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

வணக்கம். எங்கள் கோயிலின் மாலைநேரத் தமிழ் வகுப்புக் கணினிகளில் டெபியன் 12 இயங்குகிறது. நாங்களே யூடியூபில் ஏற்றிய பாடப் பதிவுகளை, வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகளுக்குப் பென்டிரைவில் தருவதற்காக ஒய்டி-டிஎல்பி என்ற காணொளி இறக்கும் நிரலால் இறக்குகிறோம். டெபியனுடன் வந்த 2023.03.04 பதிப்பு இப்போது பிழை காட்டி நின்றுவிடுகிறது. டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் மூலம் நிறுவியதால் அதன் சொந்தப் புதுப்பிப்புக் கட்டளையும் பயன்படவில்லை. டெபியனின் நிலையற்ற பிரிவான சிட் களஞ்சியத்தைச் சேர்க்குமாறு ஒருவர் சொல்கிறார். சேர்க்கலாமா?

மறுமொழி (டர்பன்)

ஐயா, சிட் வேண்டவே வேண்டாம். அங்குள்ள தொகுப்புகள் புதிய அடிப்படை நிரலகங்களைச் சார்ந்தவை என்பதால், ஒன்றை நிறுவப் போய்ப் பைத்தானும் சி நிரலகமும் கூடவே மாறிவிடக்கூடும். பழைய பதிப்புக்கு இறங்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை.

இத்தேவைக்கு உள்ளது பேக்போர்ட்ஸ். அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங் பிரிவில் உள்ள தொகுப்பை நிலையான வெளியீட்டின் நிரலகங்களைக் கொண்டே மறுபடி கட்டி அங்கே வைக்கிறார்கள். மூலப் பட்டியலில் புக்வர்ம்-பேக்போர்ட்ஸ் (புக்வர்ம் என்பது டெபியன் 12-இன் பெயர்) வரியைச் சேர்த்து, ஆப்ட் அப்டேட் செய்து, இலக்கு வெளியீடாக அந்தப் பெயரைக் கொடுத்து ஒய்டி-டிஎல்பியை மட்டும் நிறுவுங்கள். அக்களஞ்சியத்தின் முன்னுரிமை 100, வழக்கமானவற்றுக்கு 500. ஆகவே பிற தொகுப்புகள் தாமாக அங்கே தாவமாட்டா, நிறுவிய இதுவோ அங்கிருந்தே தொடர்ந்து புதுப்பிக்கப்படும்.

மறுமொழி (போர்ட் லூயிஸ்)

உடன்படுகிறேன். பட்டியலைத் திருத்தும்போது புக்வர்ம்-அப்டேட்ஸ் வரியைத் தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள். 2008 அக்டோபரில் நம் தீவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, 2009 மார்ச்சில் திரும்ப வைத்தார்கள் அல்லவா? அத்தகைய நேர விதிகளைத் தாங்கும் டிஇசட்டேட்டாவும், கிளாம்ஏவி போன்ற நச்சுநிரல் தடுப்பியும் அடுத்த வெளியீடு வரை காத்திருக்க முடியாதவை. அன்று வாலட்டைல் என்ற தனிக் களஞ்சியம் செய்த பணியை, 2011-இல் வந்த ஸ்குவீஸ் (டெபியன் 6) முதல் இந்த அப்டேட்ஸ் வரி செய்கிறது.

வினவியவர்

மிக்க நன்றி. பேக்போர்ட்ஸ் பதிப்பு வேலை செய்கிறது. முன்னுரிமையைக் காட்டும் ஆப்ட்-கேஷ் பாலிசி கட்டளையிலும் 100 என்றே தெரிகிறது. யூடியூப் திடீரென்று மாறி, பேக்போர்ட்ஸும் பின்தங்கினால் என்ன செய்வது?

மறுமொழி (டர்பன்)

அப்போது ஆப்ட் தொகுப்பை அகற்றிவிட்டு, பைத்தான் நிரல்களைத் தனித்தனியே நிறுவும் பைப்எக்ஸ் மூலம் அதைப் பயன்படுத்தும் பயனரின் கோப்புறைக்குள் மட்டும் நிறுவுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் எது இயங்குகிறது என்ற குழப்பம் வரும். பைத்தானின் வழக்கமான நிறுவியான பிப்பை மட்டும் கொண்டு நிறுவ முயன்றால் டெபியன் 12 தடுக்கும். அத்தடையை மீறும் தெரிவைப் பயன்படுத்தாதீர்கள், கணினியின் பைத்தான் தொகுப்புகளோடு அது மோதக்கூடும். பைப்எக்ஸ் வழியில் வாராந்தரப் புதுப்பிப்பு உங்கள் பொறுப்பு. ஆப்ட் அதைக் கவனிக்காது.