ஜன்னலில் படியும் கரியா, மீட்டரில் ஏறும் எண்ணா: எதை நம்புவது?

நூறடிரோடு_மாடிவீடு:

வணக்கம். எங்கள் வீடு அரும்பாக்கத்தில், நூறடி ரோட்டைப் பார்த்த இரண்டாம் மாடி. காலையில் துடைத்த ஜன்னல் திட்டை மாலையில் தொட்டால் விரலில் கருப்பாக ஒட்டுகிறது. மண் தூசி மாதிரி உதிராமல் இழுவிக்கொண்டு வருகிறது. அம்மாவுக்கு வீசிங் இருப்பதால் காற்றில் மிதக்கும் நுண்துகளை (பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும்) அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன். அதில்தான் குழப்பம். பால்கனியில் 50, 55 காட்டுகிறது. ஹாலிலும் கிட்டத்தட்ட அதேதான். சமையல்கட்டில் அப்பளம் பொரித்தால் 300ஐத் தாண்டிப் போகிறது. அப்படியானால் ரோட்டுப் புகையைவிட என் அடுப்புதான் மோசமா? வீட்டுக்காரர் எல்லா ஜன்னலையும் அடைத்துவிடலாம் என்கிறார். அடைத்தால் சமையல் புகை எங்கே போகும்?

வடிகட்டித்தாள்:

இரண்டையுமே நம்புங்கள் அக்கா. இரண்டும் வேறு வேறு கார்பனைப் பற்றிச் சொல்கின்றன.

காற்று மாதிரி சோதிக்கும் லேபில் வேலை பார்த்தவன் நான். பம்பு வைத்து ஒரு நாள் முழுக்கக் காற்றை இழுத்து, ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டமான வெள்ளைத் தாளில் துகளைப் பிடிப்போம். எடை பார்க்க டெஃப்ளான் தாள், கார்பன் பார்க்க குவார்ட்ஸ் தாள். குவார்ட்ஸ் தாளை முதலில் சூளையில் சுட்டு, அதிலேயே ஒட்டியிருக்கும் கார்பனை எரித்துவிட்டுத்தான் உபயோகிப்போம். கை படக்கூடாது, இடுக்கிதான். மெயின் ரோட்டில் வைத்த தாள் சிலேட்டு மாதிரி கருத்து வரும். பொரியல், வறுவல் நடக்கும் சமையல்கட்டில் வைத்தது அதைவிட எடை கூடியிருந்தாலும் வெளுத்த பழுப்பாகத்தான் இருக்கும். முதன்முதலில் பார்ப்பவர்கள் தாள் மாறிவிட்டதா என்று கேட்பார்கள்.

அந்தத் தாளில் ஒரு துண்டு வெட்டி, ஆக்சிஜனே இல்லாமல் ஹீலியத்தில் படிப்படியாகச் சூடேற்றுவோம். ஆவியாகிப் போவது கரிமக் கார்பன். எண்ணெய்ப் புகை, விறகுப் புகை, ஊதுபத்தி எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. 580 டிகிரி வரை போனாலும் அசையாமல் ஒன்று மிஞ்சும். கொஞ்சம் ஆக்சிஜன் விட்டால்தான் அது எரியும். அதுதான் தனிமக் கார்பன், நம் பேச்சில் கரி. ஊருக்குள் அது அதிகம் வருவது டீசலிலிருந்து.

இப்போது உங்கள் மீட்டருக்கு வருவோம். உள்ளே ஒரு லேசர், துகள் மேல் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துக் கணக்குப் போடுகிறது. சுமார் 0.3 மைக்ரானுக்குக் கீழே (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குச் சரியாகத் தெரியாது. லாரியிலிருந்து புதிதாக வரும் கரித்துகள் பெரும்பாலும் 0.1 மைக்ரான் அளவில் இருக்கும். போதாததற்கு அது கருப்பு, ஒளியைச் சிதறடிக்காமல் விழுங்கிக்கொள்ளும். ஆக, பால்கனியில் காட்டும் 55இல் கரிக்கு உரிய பங்கு வரவில்லை. சமையல் புகையோ அதற்கு நன்றாகவே தெரிகிறது. இட்லி ஆவிக்குக்கூட எண் ஏறும், கவனித்துப் பாருங்கள்.

எடையைத் தாண்டியும் விஷயம் இருக்கிறது. இந்தியாவில் பி.எம். 2.5க்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. இரண்டுமே மொத்த எடைக்குத்தான், கரிக்கென்று தனி வரம்பு இரண்டிலும் இல்லை. ஆனால் டீசல் புகை புற்றுநோய் தரும் என்று அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதி செய்துவிட்டது. அதிக சூட்டில் பொரிக்கும் புகையையும் ‘அநேகமாகத் தரும்’ என்ற வரிசையில் வைத்திருக்கிறது. அதனால் அடுப்பையும் சும்மா விட முடியாது.

இன்னொன்று. திட்டில் படிவது முழுக்க டீசல் கரி அல்ல. டயர் தேய்ந்த தூளும் பிரேக் தூளும் கலந்தது. நுரையீரலின் அடிவரை போவது, படியாமல் மிதக்கிறதே, அதுதான். ஜன்னல் இடுக்கு வழியே உள்ளே வருவதும் அதுவே.

கொளத்தூர்_அம்மா:

நல்ல விளக்கம் தம்பி. எங்கள் வீட்டுப் பக்கம் பெரிய ரோடே இல்லை. ஆனாலும் பூஜை அறைச் சுவர் கருத்துக்கொண்டே வருகிறது. இரவில் கொசுவர்த்தியும் வைக்கிறோம்.

வடிகட்டித்தாள்:

சுவர் கருப்பது சூடத்தால் அம்மா. வீட்டுக்குள்ளேயே அசல் கரி உண்டாவது அதில்தான். விளக்குத் திரி நீளமாக இருந்து சுடர் ஆடினாலும் அப்படித்தான். அந்தக் காலத்தில் ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை எடுத்தார்களே, அதே கரி. சூடத்தைச் சின்னதாக உடைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து ஏற்றுங்கள். திரியைக் குட்டையாக விடுங்கள்.

கொசுவர்த்தியை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்த அளவு நுண்துகள் வரும் என்று 2003இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. அதுவும் கதவைச் சாத்திய அறையில், தூங்குகிறவர்களின் தலைமாட்டில். கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

நூறடிரோடு_மாடிவீடு:

ரொம்ப நன்றி. அப்போது ஜன்னலை என்ன செய்வது? அம்மா ரோட்டுப் பக்க அறையில்தான் படுக்கிறார். ஏ.சி. போட்டால் போதுமா?

வடிகட்டித்தாள்:

ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது. அதன் வலை பஞ்சையும் முடியையும் பிடிக்கும், இந்த நுண்துகளைப் பிடிக்காது.

முதலில் அம்மாவின் கட்டிலைப் பின்பக்க அறைக்கு மாற்றுங்கள். செலவே இல்லாத வழி, எனக்குத் தெரிந்து இதற்கு ஈடு எதுவும் இல்லை. ரோட்டுப் பக்க ஜன்னலைக் காலை, மாலை நெரிசலிலும், ராத்திரி லாரி ஓடும் நேரத்திலும் சாத்திவையுங்கள். மதியம் கடல்காற்று வந்ததும் திறக்கலாம். ஜனவரியில் பனி இறங்கும் விடியற்காலையில் புகை மேலே போகாமல் தாழவே நிற்கும், போகியன்று சொல்லவே வேண்டாம். அந்த நேரத்தில் திறக்காதீர்கள்.

பொரிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே போட்டு, முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். சமையல்கட்டுக் கதவு சாத்தியிருக்கட்டும். குழாய் இல்லாத சிம்னி வாங்காதீர்கள், அது புகையை வெளியே தள்ளாது. ஏர் பியூரிஃபையர் வாங்குவதானால் அம்மா அறைக்கு ஒன்று போதும். நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி இருக்கவேண்டும், அறையின் அளவுக்குப் பொருந்தவேண்டும். கரியையும் எண்ணெய்ப் புகையையும் சேர்த்தே பிடிக்கும். ஓசோன் விடும் மாடல் வேண்டாம், வீசிங்குக்கு ஆகாது.

நூறடிரோடு_மாடிவீடு:

கட்டிலை இன்றைக்கே மாற்றிவிடுகிறோம். எக்ஸாஸ்ட் ஃபேன் டக்ட் (கட்டடத்துக்குள் குழாய்கள் போகும் திறந்த இடைவெளி) பக்கம் திறக்கிறது. அது மேல்வீட்டு ஜன்னலுக்குள் போகாதா? அங்கே கைக்குழந்தை இருக்கிறது.

வடிகட்டித்தாள்:

போகும் அக்கா. ஃபேன் வாயிலிருந்து ஒரு குழாய் வைத்து மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே கொண்டுபோய் விடுங்கள். வளைவு குறைவாக இருக்கட்டும், வளைய வளைய இழுவை குறையும். பிளம்பரே செய்து தருவார். மேல்வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள், அவர்கள் சமையல்கட்டுக்கும் சேர்த்தே போட்டுவிடலாம். ஆளுக்கொரு குழாயாகப் போடுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் ஒரு வீட்டுப் புகை இன்னொரு வீட்டுக்குள் திரும்பி வரும்.