ரப்பர் கடை கணக்கு: எல்லாத்தையும் ஒரே டேபிள்ல வைக்கலாமா?

குலசேகரத்துக்காரன்:
எங்க மாமா கடையில ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (ஒறைஞ்ச ரப்பர் பால்) எடுக்கோம், குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம்னு மூணு இடம். தேதி, தோட்டக்காரர் பேரு, ஊரு, கிரேடு, எடை, விலை எல்லாம் ஒரே டேபிள்லதான் கெடக்கு. மாசாமாசம் எந்த ஊர்ல இருந்து எவ்வளவு சரக்கு வந்துன்னு பாக்கணும், ஆனா திற்பரப்புங்கிற ஊர் பேரைப் பையன்மாரு நாலு விதமா டைப் பண்ணி வச்சிருக்காங்க, கூட்டுனா ஒத்து வரல்ல. ஃபேக்ட் (அளந்த எண்ணு), டைமென்ஷன் (யாரு, எங்க, எப்பங்கிற விவரம்)னு பிரிக்கணும்னு சொல்லுறாங்க, எதை எங்க வைக்கணும்?

வடசேரி:
தம்பி, மொதல்ல டேபிள்ல ஒரு வரின்னா என்னன்னு முடிவு பண்ணு, அதுதான் கிரெய்ன். இந்த மாதிரி டேபிள் அமைப்புக்குப் பேர் போன ரால்ஃப் கிம்பால் சொல்ற வரிசையும் இதுதான், எந்த வேலை, எந்த கிரெய்ன், அப்புறம் டைமென்ஷன், கடைசிலதான் ஃபேக்ட். ஒரே பில்லுல ஆர்எஸ்எஸ் 4 கிரேடு ஷீட்டும் ஒட்டுப்பாலும் வந்தா ரெண்டு வரியா போடு, பில்லுக்கு ஒரு வரின்னு வச்சா பொறவு கிரேடு வாரியா பாக்க வழியே இல்ல. எடை, தொகை ரெண்டும் ஃபேக்ட்ல. தோட்டக்காரர், கடை, கிரேடு, தேதி நாலும் தனித்தனி டைமென்ஷன், ஃபேக்ட்ல அதுகளோட கீ (அந்த வரியைக் காட்டுற நம்பர்) மட்டும் இருந்தா போதும். நடுவுல ஃபேக்ட், சுத்தி டைமென்ஷன், இதைத்தான் ஸ்டார் ஸ்கீமான்னு சொல்லுறது. கிலோ விலையைக் கூட்டாத, மொத்தத் தொகையை மொத்த எடையால வகுத்தாத்தான் சரியான சராசரி.

தக்கலை அக்கா:
அண்ணன் சொன்னது சரி, ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. திற்பரப்பு தோட்டக்காரர் ஒருத்தர் தோட்டத்தை வித்துட்டு அருமனை பக்கம் வாங்கிட்டா என்ன செய்வ? ஊரை அழிச்சு எழுதுனா போன வருசத்து சரக்கும் அருமனை கணக்குல போயிரும். நான் முன்ன வேலை பாத்த எடத்துல இப்படித்தான் ஆச்சு, பழைய பில்லெல்லாம் எடுத்து வச்சு திருத்த வேண்டியதாப் போச்சு. அதனால அவருக்குப் புது வரி போடு, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைன்னு ரெண்டு காலம் (column) வை. ஒரே ஆளுக்கு ரெண்டு வரி வரும்ல, அதுக்காக கடைல அவருக்குக் குடுத்த நம்பரை கீயா வைக்காம ஒவ்வொரு வரிக்கும் தனியா ஒரு புது நம்பர், அதாவது சரகேட் கீ குடு. பழைய வரியை வச்சுக்கிட்டே புது வரி போடுற இந்த முறைதான் டைப் 2. எழுத்துப்பிழைக்கு இதெல்லாம் வேண்டாம், நேரா அழிச்சுத் திருத்திக்கோ, அது டைப் 1.

குலசேகரத்துக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா. குடோன்ல இருக்க சரக்கையும் அதே ஃபேக்ட்ல போடலாமா?

வடசேரி:
வேண்டாம், கிரெய்னே வேற. கடைக்கு, கிரேடுக்கு, நாளுக்கு ஒரு வரின்னு தனி டேபிள் போடு. மூணு கடை இருப்பையும் கூட்டலாம், ஒவ்வொரு நாள் இருப்பையும் சேத்து மட்டும் கூட்டிராத, 2 டன் ஷீட் 30 நாள் கெடந்தா அது 60 டன் ஆயிராதுல்லா. மாசக் கடைசி இருப்பு எடு, இல்லன்னா சராசரி.