புதுப்பிப்பு: அம்பாசடருக்கு ஹோஸ் கிடைத்துவிட்டது

பழைய 1489 சிசி இன்ஜினை எடுத்துவிட்டு இசுசு 1.8 லிட்டர் இன்ஜின் வைத்த என் மார்க் 2 அம்பாசடருக்குக் கீழ் ரேடியேட்டர் ஹோஸ் (ரேடியேட்டரின் அடியிலிருந்து இன்ஜினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய்) எதுவுமே பொருந்தவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, கிடைத்துவிட்டது. கடை கடையாக வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்டதுதான் தப்பு. இந்தத் தடவை பிய்ந்த ஹோஸையும், அதே வளைவில் மடக்கிய கம்பியையும் சென்னையில் பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் என்ன வண்டி என்றுகூடக் கேட்காமல் குவியலிலிருந்து ஏதோ வேன் ஹோஸை உருவிக் கம்பியோடு ஒட்டிப் பார்த்தார், இரண்டு முனையிலும் கொஞ்சம் வெட்டியதும் கச்சிதம்.

நேர் ஹோஸையே வளைத்து மாட்டச் சொன்னவர்களுக்கு: கீழ் ஹோஸில் இன்ஜினின் வாட்டர் பம்ப் தண்ணீரை உறிஞ்சும், மடிப்பு விழுந்த இடம் சப்பிப்போனால் தண்ணீர் ஓட்டம் தடைபட்டு இன்ஜின் கொதிக்கும். அதனால்தான் உள்ளே ஸ்பிரிங்கும் போட்டேன். ஹோஸ் முனையை இறுக்கும் ஒரு கிளாம்ப் மட்டும் லேசாகக் கசிகிறது, நாளைக்கு மாற்ற வேண்டும்.